மார்லிஸ் டீச்சரின் பங்குக் கணக்கு

மார்லிஸ் டாலெஃப்சனுக்குப் பெருக்கலையும் வகுத்தலையும் பிரித்துவைக்கத் தெரியாது. எங்கள் மினசோட்டாப் பள்ளியில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையான எனக்குத்தான் தெரியும். பாடத்திட்டப்படி பெருக்கல் இலையுதிர்காலத்தில், வகுத்தல் பிப்ரவரியில். அதுவரை பிள்ளைகள் தவறிப்போய்க்கூட எதையும் பங்கு போட்டுவிடக் கூடாது.

மார்லிஸோ தன் மூன்றாம் வகுப்பில் "அஞ்சு நாலு இருபது" என்று சொல்லித்தந்த கையோடு, "அந்த இருபதை அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா?" என்று கேட்டுவிடுவாள். மற்றபடி வம்புதும்பு கிடையாது. கணவன் நாள் முழுக்க உறைந்த ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாலும் "பரவாயில்ல" என்று சொல்லும் புண்ணியவதி.

தலைமையாசிரியர் ஹால்வர் ரிங்ஸ்டாட் பொறுப்பாரா? கணக்கில் அவர் புலி. வகுப்பறைப் பக்கம் மட்டும் அந்தப் புலி வராது.

"ரெண்டையும் போட்டுக் குழப்புறீங்க மார்லிஸ். வியாழக்கிழமை வந்து உக்காருறேன். பிள்ளைங்க தடுமாறினா, அடுத்த வருஷம் நீங்க நூலகத்துல புத்தகத்துக்கு அட்டை போடலாம்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஹால்வர். மூணு மூணா எட்டுத் தடவை சேத்தா பெருக்கல். அதையே திருப்பிப் பிரிச்சா வகுத்தல்."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அந்த வகுப்பும் போனால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

வியாழக்கிழமை ஒரு தட்டு நிறைய ஓட்ஸ் சாக்லேட் பார் என்ற கேக் மாதிரிப் பலகாரம் சுட்டுவந்து, நீளத்துக்கு ஆறு, அகலத்துக்கு நாலு என்று வெட்டினாள். எட்டுப் பிள்ளைகள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"ஆளுக்கு எத்தனை?"

"மூணு!"

"அப்ப எடுத்துக்கோங்க."

தட்டு மூன்று சுற்று வந்தது. சுற்றுக்கு ஆளுக்கொரு துண்டு. கடைசியில் ஒரே துண்டோடு எட்டாவது பிள்ளை ஆஸ்ட்ரிட்டிடம் நின்றது. எங்கள் ஊரில் கொலைகூடச் செய்யலாம், தட்டில் கடைசியாக இருப்பதை எடுக்கக் கூடாது. ஆசிரியர் அறையில் அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, கடுகளவு ஆனதும் கழுவி ஊற்றுவோம். ஆஸ்ட்ரிட் நல்ல வீட்டுப் பிள்ளை. "எனக்கு வேணாம் டீச்சர்," என்று தள்ளினாள். தட்டு இன்னொரு முறை சுற்றியது.

"நீ எடு."

"ஐயோ, நானா? நீயே எடு."

"பாத்தீங்களா? மீதி ஒண்ணு!" என்றார் ரிங்ஸ்டாட், திருடனைப் பிடித்த பூரிப்பில். மார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. அவளும் இந்த ஊர்க்காரிதானே, எடு என்று சொல்ல வாய் வருமா?

ஆஸ்ட்ரிட் தன்னிடம் இருந்ததை எண்ணிப் பார்த்தாள். "எட்டு மூணு இருபத்திநாலு. மீதியே வரக் கூடாது. என்கிட்ட ரெண்டுதான் இருக்கு. டீச்சர், இது கடைசித் துண்டு இல்ல. என்னோட பங்கு!"

எடுத்துக் கடித்தாள்.

ரிங்ஸ்டாட் காலித் தட்டைப் பார்த்தார். "சரி மார்லிஸ். மூணாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார், பல்வலிக்காரர் மாதிரி.

மார்லிஸ் பிள்ளைகள் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதாள். எங்கள் ஊரில் அது கடைசித் துண்டை எடுப்பதைவிடப் பெரிய மானக்கேடு. நானும் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.