நூற்றைம்பது ‘வரை’

போன கிழமை என் மனைவியின் அக்கா லண்டனில் செத்துப்போனா. இந்தக் கிழமை நான் ஒரு கடையில் போய்ச் சண்டை பிடித்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

விசா எடுத்துப் போய்ச் சேர நாளில்லை. செத்தவீட்டை நேரலையில்தான் பார்க்கவேண்டும். மனைவிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது; போன் திரையில் முகம் பிடிபடாது. அதற்காகவே நெல்லியடியில் பெரிய திரையோடு ஒரு டெப் கணினி வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது — வைஃபை வேகம் 150 எம்பி வரை. எங்கள் கரவெட்டி வீட்டு லைன் நூறு. போதாதா?

செத்தவீட்டு நாள் பின்னேரம் சொந்தக்காரர் வந்து குவிந்தார்கள். துக்கம் விசாரிக்க முன்னமே, “தம்பி, பாஸ்வேர்ட் என்ன?” கொடுத்தேன். ஹோலில் மனைவிக்கு முன்னால் டெப்பை நிமிர்த்தி வைத்தேன். சவப்பெட்டி தெரிந்தது. மூடியைத் திறக்கப் போனார்கள்...

படம் உறைந்து, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

“எல்லாரும் வைஃபையை நிப்பாட்டுங்கோ!” கத்தினேன். நிறுத்தினார்கள். வட்டம் நிற்கவில்லை.

“என்னப்பா, அக்காவைக் காட்டுறாங்களோ?” என்றாள் மனைவி.

“பொறு, வருது.”

எங்கே வந்தது? மூலையில் இருந்த அவளின் ஒன்றுவிட்ட தங்கச்சி மெல்லச் சொன்னாள்: “அத்தான், நான் நிப்பாட்டேல்லை... என்ரை போனில வடிவா ஓடுது.”

அதே வீடு. அதே வைஃபை! போனைப் பறித்து மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். “ஒண்டும் தெரியேல்லையப்பா...” டெப்புக்கு உயிர் வந்தபோது, மூடிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் சனம் போனபிறகு ஸ்பீட் டெஸ்ட் போட்டு அளந்தேன். ஹோலில் போனுக்கு எண்பது. அதே இடத்தில் டெப்புக்கு மூன்று. முன் அறையில் இருக்கிற ரவுட்டருக்கு முட்ட வைத்தால் முப்பத்தைந்து. தலைகீழாய் நின்றாலும் அதற்கு மேல் ஏறாது. லைனில் பிழையில்லை. சாமானில்தான் பிழை.

டெப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரன் அசையவில்லை.

“உதில ‘வரை’ எண்டுதானே போட்டிருக்கு, அண்ணை. அது கொம்பனி ஆய்வுகூடத்தில வாற கணக்கு. உள்ளுக்குச் சின்ன அன்ரெனா ஒண்டுதான். சுவர் தாண்டினா விழும்.”

“விக்கேக்கை ஏன்ரா சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

நான் கேட்கவில்லையாம்! 150 வரை என்றால் மூன்றும் அதற்குள் அடங்கும். பூச்சியமும் அடங்கும். பொய் சொல்லாமல் ஏமாற்றக் கண்டுபிடித்த சொல். சந்தையில் ‘ஒரு கிலோ வரை’ என்று வெங்காயம் நிறுத்துத் தந்தால் விடுவோமா? தராசைப் பிடுங்கி எறியமாட்டோமா? மின்சாமான் என்றதும் வாயைப் பொத்திக்கொள்கிறோம். வாங்க முதல் கடை வைஃபையில் போட்டு, சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரன் முறைப்பான். முறைக்கட்டும்.

அவன் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ரெக்கோர்டிங் இருக்கும்தானே அண்ணை, ஆறுதலாப் பாக்கலாம்.”

இருக்கிறது. அக்காவின் மகன் அனுப்பியிருந்தான். நேற்று அதை டவுன்லோட் பண்ணிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கிட்டவும் வரவில்லை.

“அங்கை எல்லாரும் அழுது முடிச்சிட்டினம். இனி நான் தனிய அழுறதோ?”