செடிக்குக் குடை பிடிக்கும் தபால்காரர்

தூறல் விழத் தொடங்கியதும் சிரில் ஹார்கர் குடையை விரித்துச் செடிக்குப் பிடிக்கிறார். தான் நனைகிறார். செடி இடுப்பளவு உயரம்தான். அதைச் சுற்றி ஒரு கயிறு வேலி வேறு இருக்கிறது. ஆகவே எழுபத்தொரு வயது முதுகை வளைத்து, வேலிக்கு மேலே கையை நீட்டி, மழை ஓயும்வரை அப்படியே நிற்க வேண்டும். யார்க்‌ஷயரில் ஜூலை மாத மழை எப்போது ஓயும் என்று வானிலைக்காரர்களே வாய் திறப்பதில்லை.

அவர் பைத்தியம் இல்லை, கூஸ்பெரிக்காரர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அவர் மனைவி டோரா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

கூஸ்பெரிக்கும் நம் நெல்லிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது முள்புதரில் தொங்குவது. மேலே பூனைக்குட்டி போல ரோமம் முளைத்தது. கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்கெல்டர்பி கிராமத்தில் மிகக் கனமான ஒற்றைப் பழத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். நிறுப்பது மருந்துக்கடைத் தராசில். ஒரு வருஷம் முன்வரிசையில் யாரோ தும்மியதில் கோப்பை கைமாறியது. தும்மியவரின் குடும்பம் அடுத்த மாதமே ஊரைக் காலி செய்தது.

சிரில் அந்தக் கோப்பையை ஒன்பது முறை வாங்கியவர். மே மாதத்திலேயே செடியில் இருக்கும் முந்நூறு பிஞ்சுகளையும் கிள்ளி எறிந்துவிட்டு மூன்றை மட்டும் விட்டுவைப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சாஸரில் சர்க்கரைத் தண்ணீர். பழத்தின் நுனி அதில் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி. வெயிலுக்குப் பின் திடீர் மழை பட்டால் பழம் வெடித்துவிடும். அதற்குத்தான் குடை. இத்தனை செய்தும், இதுவரை ஒரு கூஸ்பெரியைக்கூட அவர் வாயில் போட்டதில்லை. கேட்டால், “வளத்தத யாராவது திம்பாங்களா?” என்பார்.

அதிகம் பேசமாட்டார். அவருடைய அகராதியில் உச்சப் புகழ்ச்சி ‘மோசமில்ல’ என்பதுதான். கல்யாணத்தன்று டோராவைப் பார்த்துச் சொன்னார். மகள் பிறந்தபோது எட்டிப் பார்த்துச் சொன்னார். மூன்றாவதாக ஒரு பொருளைப் பற்றிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

கோப்பை வாங்கும் பழம் எங்கே காய்க்கிறது என்பதுதான் ஊரின் பெரிய மர்மமாக இருந்தது. சிரில் வீட்டுப் பின்கட்டு வடக்குப் பார்த்தது. அங்கே ஜூன் மாதத்தில் நாற்பது நிமிடம் வெயில் விழும், அதுவும் வேண்டா வெறுப்பாக. “எங்கய்யா வளக்கிற?” என்று கேட்டால், “தெக்கு பாத்த எடத்துல” என்பார். கசாப்புக்கடை பேஸில் டின்ஸ்டேல், நான்கு முறை இரண்டாம் பரிசு வாங்கிய மனிதர், ஒரு கோடை முழுவதும் அவரைப் பின்தொடர்ந்து பார்த்தார். இரண்டு மாதம் வீடுவீடாகத் தபால் கொடுத்ததுதான் மிச்சம். ஆம், சிரில் அப்போது தபால்காரர்.

ஸ்கெல்டர்பி மாளிகைத் தோட்டத்தின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு சீமான் நான்கு ஏக்கரைச் சுற்றிப் பன்னிரண்டடி உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பினார். சுவருக்குள் புகைக்குழாய் ஓடவிட்டு, அடுப்பு மூட்டி, பீச் மரங்கள் குளிர்காய வழி செய்தார். அதே குளிரில் அவருடைய வேலைக்காரர்கள் மச்சறையில் பற்கள் கிடுகிடுக்கத் தூங்கினார்கள். குதிரைச் சாணச் சூட்டில் அன்னாசி வளர்த்தார். காய்த்தது ஒன்றே ஒன்று. அதை வெட்ட மனம் வராமல் ஏழு விருந்துகளில் மேஜை நடுவே உட்காரவைத்தார்கள். எட்டாவது விருந்தின்போது அது தானாகவே எழுந்து நடந்து வெளியேறிவிட்டது என்பார்கள். பதினான்கு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். 1914-இல் அவர்களில் ஒன்பது பேர் போருக்குப் போய் இரண்டு பேர் திரும்பினார்கள். அதைப் பற்றி மட்டும் ஊரில் யாரும் கதை கட்டுவதில்லை. பிறகு அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது. அதன் பிறகு மிஸ் லெட்டிஸ் என்ற கடைசி வாரிசும் பதினொரு பூனைகளும். அவரும் போய்ச் சேர்ந்தபின் தோட்டத்தை முள்ளும் கொடியும் பட்டா போட்டுக்கொண்டன.

மிஸ் லெட்டிஸ் போன பிறகும் சிரில் மட்டும் அந்த வீட்டுக்குத் தபால் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. தபால் வருவது நின்றிருந்தது என்பது வேறு விஷயம். தபால் பையில் மூன்று கூஸ்பெரிக் குச்சிகளைப் போட்டுக்கொண்டு போய், தெற்குப் பார்த்த சுவரோரம் நட்டு, இருபத்தைந்து வருஷம் வளர்த்தார். சீருடையில் நுழையும் தபால்காரரை யார் என்ன கேட்பது? நான் சுவரோரம் கீரை பறிக்கப் போன இடத்தில் இரண்டொரு முறை பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருமே வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தோம்.

இப்படியிருக்க, மூன்று வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து டாக்டர் இமோஜென் ஃபேர்க்ளஃப் என்ற வரலாற்று நிபுணர் ஒரு அறக்கட்டளையின் சார்பில் வந்து, ‘தொலைந்துபோன தோட்டத்தை’க் கண்டுபிடித்தார். அந்தத் தொலைந்துபோன தோட்டத்தில் பாதிரியாரின் மனைவி பனித்துளிப் பூ பறிப்பார், சாராயக்கடைக்காரர் வாரம் ஒருமுறை ருபார்ப் தண்டு வெட்டுவார், பள்ளிப் பிள்ளைகள் ஆப்பிள் தின்பார்கள். எங்களுக்கும் அது தொலைந்துதான் போயிருந்தது, முறைவைத்துக்கொண்டு தொலைத்திருந்தோம்.

முள்ளை வெட்டி வழி செய்த டாக்டர் இமோஜென், சுவரோரம் காய்த்து நிற்கும் மூன்று கூஸ்பெரிச் செடிகளைக் கண்டு கண்கலங்கினார். கவனிப்பாரில்லாமல் நூற்று எழுபது வருஷம் உயிரோடிருந்த அதிசயம். கத்தரித்த வெட்டுக்கூடக் காயாத அதிசயம். அடியில் நீலப் பூப்போட்ட நான்கு சாஸர்களும் கிடைத்தன. ஆராய்ச்சி நடந்தது, பலகை வந்தது: ‘விக்டோரியா காலத்தில் மாளிகைப் பெண்கள் இந்தக் கூஸ்பெரிப் பாத்தியில் அமர்ந்து மாலைத் தேநீர் அருந்தினர்.’ முள்புதர் நடுவே, பாவாடையை விரித்துக்கொண்டு. சாஸர்கள் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. செடிகளைச் சுற்றி வேலி வந்தது.

சிரிலுக்கு இரண்டே வழிகள். உண்மையைச் சொன்னால், அரசாங்க உடுப்பில், வேலை நேரத்தில், அடுத்தவர் நிலத்தில் விவசாயம் செய்த கதை வெளியே வரும். ஒன்பது கோப்பையையும் பேஸில் திருப்பிக் கேட்பார். சொல்லாவிட்டால் செடி போயிற்று. அவர் மூன்றாவது வழி ஒன்றைத் தேடி, அறக்கட்டளையில் களை பிடுங்கும் தொண்டராகச் சேர்ந்தார்.

முதல் நாளே டாக்டர் இமோஜென் அவருக்குப் பாடம் எடுத்தார்.

“இங்க பாருங்க மிஸ்டர் ஹார்கர். கூஸ்பெரிய நடுவுல வெத்திடமா விட்டுக் கத்தரிக்கணும். காத்து போகணும். புரியுதுங்களா?”

“காத்தா?” என்றார் சிரில்.

“ஆமா. காத்து.”

“அப்படிங்களா.”

நாற்பது நிமிடம் நடந்தது அந்தப் பாடம். முடிவில் அவர் ஒரு சந்தேகமும் கேட்டார்: “இந்த முள்ளு குத்துமா கண்ணு?”

அன்றிலிருந்து களை பிடுங்குகிற சாக்கில் தேநீர்க் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் வருகிறது. சாஸருக்குப் பதில் குடுவையின் மூடி. மழை வந்தால் குடை. “பாருங்க, எவ்வளவு பக்தி அவருக்கு,” என்று டாக்டர் இமோஜென் பார்வையாளர்களுக்கு அவரைக் காட்டுகிறார். படம்கூடப் பிடிக்கிறார்கள்.

இந்த வருஷம் நடுச்செடியில் ஒரு பழம் கோழிமுட்டையைப் பார்த்துப் பொறாமைப்படாத அளவுக்கு வளர்ந்தது. டாக்டர் இமோஜென் அதைப் பார்த்தார். அறக்கட்டளையின் பெயரில் போட்டிக்கு அனுப்புவதாக அறிவித்தார். சிரில் அன்று பிடுங்கியதில் பாதி களை இல்லை.

இதற்கிடையே டோரா ஒருநாள் வரவேற்பறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். “அழகா இருக்கு,” என்று மட்டும் காவலுக்கிருந்த பெண்ணிடம் சொன்னார். அவருடைய பாட்டியின் கல்யாண சீர் அந்தச் சாஸர்கள். காணாமற்போனபோது நாத்தனார் மேபெலைச் சந்தேகப்பட்டு, இருபது வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூடப்பிறந்த அண்ணன் சிரிலும் ‘எடுத்தாலும் எடுத்திருப்பா’ என்று தலையாட்டியவர்தான். மறுநாளிலிருந்து சிரிலுக்குத் தேநீர் சாஸர் இல்லாமல் வெறும் கோப்பையில் வந்தது. அவர் ஏனென்று கேட்கவில்லை.

போட்டியன்று கிராமக் கூடம் நிறைந்திருந்தது. பேஸில் தன் பழத்தை வெல்வெட் மெத்தையில் வைத்திருந்தார்.

“என்ன சிரில், உன் மேசை காலியா கெடக்கு? தபால்ல வருதா? லேட்டாவும்ப்பா, தபால்காரங்கள நம்ப முடியாது.”

சிரில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். மாளிகைப் பழத்தைத் தராசில் வைக்க டாக்டர் இமோஜென் அவரைத்தான் கூப்பிட்டார். கை பதமான கையாம். அவர் வைத்தார். தட்டு இறங்கியது. பேஸிலின் முகமும் இறங்கியது.

சீட்டை டாக்டர் இமோஜென் உரக்கப் படித்தார். “வளர்த்தவர்: பெயர் தெரியாத விக்டோரியா காலத் தோட்டக்காரர்.” கைதட்டல். பழத்தை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் சாஸர்களுக்குப் பக்கத்தில் வைக்கப்போவதாகவும் சொன்னார்.

“நூத்தி எழுபது வருஷத்து ஆளு. கூஸ்பெரிச் சங்கத்துல எப்ப சேந்தான்?” என்றார் பேஸில்.

அப்போது டோரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கணவரின் முன்னால் ஒரு கோப்பைத் தேநீரை வைத்தார். நீலப் பூப்போட்ட கோப்பை.

“சாஸர் கொண்டாரலியா டோரா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நாலும் அந்தம்மா பெட்டிக்குள்ள இருக்கு. மூணாவத எடுத்துத் தடவிப் பாரு கண்ணு,” என்று டோரா டாக்டர் இமோஜென் பக்கம் பார்த்துச் சொன்னார். “ஓரத்துல ஒரு விள்ளல் இருக்கும். ஏழு வயசுல நான் கடிச்சது.” பிறகு கூடத்தின் மறுபக்கம் திரும்பி, “மேபெல், இங்க வந்து பக்கத்துல உக்காரு,” என்றார்.

டாக்டர் இமோஜென் கோப்பையைப் பார்த்தார். சிரிலின் அக்குளில் இருந்த குடையைப் பார்த்தார். அவர் காலடியில் இருந்த தேநீர்க் குடுவையைப் பார்த்தார். அதற்கு மூடி இல்லை. கூடத்தில் யாரும் தும்மக்கூட இல்லை.

“மிஸ்டர் ஹார்கர்,” என்றார் மெல்ல. “அந்தச் செடிய நட்டது யாரு?”

சிரில் பேஸிலைப் பார்த்தார், டோராவைப் பார்த்தார், ஸ்பிரிட் ஜாடியைப் பார்த்தார். பிறகு தராசிலிருந்து பழத்தை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். கண்கள் தானாக மூடிக்கொண்டன. நிதானமாக, ரோமத்தோடும் விதையோடும், கடைசிவரை மென்றார்.

“மோசமில்ல,” என்றார். “சக்கர கொஞ்சம் கம்மி. குடுவ மூடியில அவ்வளவுதான் புடிக்கும்.”

சொல்லிவிட்டு, வாயிலிருந்து காம்பை எடுத்து, துடைத்து, தராசுத் தட்டின் நடுவில் வைத்தார்.