ஆடியில் காற்றில்லாத இரண்டு நாட்கள்

கயத்தாறுப் பக்கம் ஒரு காற்றாலையின் அடியில் நின்றுகொண்டிருந்தபோது, கூடப் படித்த முருகையாவின் அழைப்பு வந்தது. காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கோபுரத்துக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டேன். "ஏலே, நம்ம சங்கரன் போயிட்டாம்லே. நெஞ்சு வலிக்குன்னானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுததுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றான். நான் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

தொண்ணூறுகளில் எங்களோடு திருநெல்வேலியில் மின்னியல் படித்தவர்களுக்கு ஆழ்வார்குறிச்சி சங்கரனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாமெல்லாம் விடையை முதலில் போட்டுவிட்டு அதற்கு ஏற்றபடி அளவுகளை எழுதுகிற கூட்டம். அவன் மட்டும் மீட்டர் முள் ஆடி அடங்கும்வரை வாய் திறக்க மாட்டான். "மீட்டர் சொல்லுதத எழுதுலே. நீ சொல்லுதத மீட்டர் கேக்காது" என்பான். அவனுக்கு 'ஜட்ஜய்யா' என்று பெயர் வைத்ததே நான்தான்.

இறுதியாண்டில் கல்லூரியில் காற்றாலை வைக்கலாமா என்று ஆராய்கிற புராஜெக்டை அவன்தான் எடுத்தான், என்னையும் சேர்த்துக்கொண்டான். காற்றாலை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. தண்ணீர்த் தொட்டியின் மேல் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைக் கட்டினோம். காலையில் அவன் ஏறிப் பார்க்க வேண்டும், மாலையில் நான். இருவருக்கும் ஒரே நோட்டு.

ஆடி மாதத்தில் இரண்டு நாள் நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்களே, ஏறிப் பார்த்துத்தான் எழுத வேண்டுமா? திரும்பி வந்து, நோட்டில் மேலே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், இரண்டு மாலைக்கும் நல்ல காற்று என்று எழுதிவைத்தேன். அந்த இரண்டு நாளும் இலைகூட அசையவில்லையாம். சங்கரன் இரண்டு காலையிலும் காற்றின் வேகம் சுழி என்று போட்டிருந்தான்.

எங்கள் பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். "சாயங்காலம் இந்தக் காத்து அடிச்சிருக்கு, காலைல சுழியா? அதும் ஆடியில? மேல ஏறுனியா, கீழ நின்னே எழுதுனியா?"

"ஏறுனேன் சார்" என்றான் சங்கரன். என்னை ஒருமுறை பார்த்தான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் காற்றாலைக் கம்பெனி ஒன்று ஒரு மாணவனைக் கேட்டது. பேராசிரியர் என் பெயரைக் கொடுத்தார். சங்கரன் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். கடைசிவரை அங்கேயே இருந்தான்.

நான் வேலைக்குக் கிளம்பிய அன்று ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என் பெட்டியை ஏற்றிவிட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுலே. அங்கனயாவது ஏறிப் பாத்துட்டு எழுது" என்றான். அதற்குப் பின் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன், அவன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனேன். பேராசிரியரிடம் மட்டும் போகவில்லை. அவர் ஓய்வு பெற்று தச்சநல்லூரில்தான் இருக்கிறார். ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் கால் மணி நேரம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு தச்சநல்லூர் போகிறேன். அவன் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டியதை, அவனைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் கேட்க இப்போது சொல்கிறேன்: அந்த இரண்டு நாளும் காற்று இல்லை. சங்கரன் ஏறினான். நான் ஏறவில்லை.