சூடு ஓகே!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு போகிப் பண்டிகை விடியற்காலையில், ஒரகடத்திலிருந்து படப்பை போகும் சாலையில் நடந்தது இது. தெரிந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, இப்போது என்னைத் தூரத்தில் பார்த்தாலே அவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில், கடைசிக் கட்டப் பரிசோதனை லைனில் நிற்கிறேன். குளிர் நாடுகளுக்குப் போகும் கார்களில், பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் சூடேற்றும் தகடு ஒன்று இருக்கும். பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடும். டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டும் சூடாகி, மேலே படிந்த பனி உருகிவிடும். அந்தப் பட்டனில் ஒரு கட்டமும், அதிலிருந்து நெளிந்து எழும் மூன்று ஆவிக் கோடுகளும் போட்டிருக்கும். எனக்கு அது இட்லிப் பானை.

என் வேலை, அந்த இட்லிப் பானையை அழுத்துவது. பிறகு பக்கக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பது. கருவி ஒரு பக்கம் அளந்து சொல்லும் என்றாலும், கையால் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்பது எங்கள் லைனின் வழக்கம். சூடு தெரிந்ததும், கணினியில் டிக் போடுகிறவருக்குக் கேட்கும்படி “சூடு ஓகே!” என்று கத்த வேண்டும். அதுவரை வண்டி ஓர் அங்குலம் நகரக் கூடாது. கத்தியதும் அடுத்த வண்டி. ஷிஃப்ட் முழுக்க இதுதான். இதற்குத்தான் டிப்ளமோ படித்தேன்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், சூடு வந்துவிட்டதா என்று பார்க்கக் கண்ணாடியில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அன்றிலிருந்து எனக்கு ‘தோசைக்கல்’ என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைனில் வேலை செய்யும் தம்பி ஒருவன், தினமும் காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, “என்னண்ணே, தோச வெந்துட்டா? சட்னி எடுத்தாரட்டா?” என்றுதான் கேட்பான்.

நானும் அந்தக் கண்ணாடியை விட்டுவைக்கவில்லை. “நம்ம ஊர் மே மாசத்துல கண்ணாடிய தொட்டாலே கை பொத்துப்போவுது, இதுல இன்னும் சூடு பண்றதுக்கு ஒரு பட்டனா?” என்று கேன்டீனில் பேசி நிறைய பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவன் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். அதிலும் அதே பட்டன் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்தேன், அதை மட்டும் தொடவில்லை. ஏனென்றால் சார்ஜ் போய்விடும்! மின்சாரக் கார் வாங்கியவனுக்கு ஒரு புது வியாதி வரும். கண் சாலையில் இருக்காது, சார்ஜ் எவ்வளவு சதவீதம் என்பதிலேயே இருக்கும். ஏசி போட மாட்டேன். பாட்டைக் கூட மெதுவாகத்தான் வைப்பேன், சத்தம் குறைந்தால் சார்ஜ் மிஞ்சும் என்று ஒரு நம்பிக்கை. என் மனைவி வியர்த்துக்கொண்டே கேட்டாள்:

“இன்னாங்க, காரு வாங்கினீங்களா, உண்டியலு வாங்கினீங்களா?”

அந்த வருடம்தான் என் ஒரே தங்கையைச் சேரப்பணஞ்சேரியில் கட்டிக் கொடுத்திருந்தேன். அவளுக்குத் தலைப்பொங்கல். அப்பா, அம்மா இல்லாத வீடு. சீர் கொண்டுபோக வேண்டியவன் நான் ஒருவன்தான். போகிக்கு முந்தின நாள் போன் செய்தாள்.

“அண்ணா, நாளிக்கு அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அப்புறம் ஓ.டி. வேற. ராத்திரிதான் வருவாரு. காலைல கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள வந்துடுணா. ஜோடியா நின்னு வாங்கணும், சொல்லிட்டேன்.”

“வந்துடறம்மா.”

“எங்க ஓரகத்திக்கு அவங்க வூட்ல மேளத்தோட கொண்டாந்தாங்களாம். தெனம் அதையே சொல்லிக்கினு கீறாங்க. எனக்கு மேளமெல்லாம் வேணாம். நீ நேரத்துக்கு வந்தா போதும்.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அவளைத் தேற்ற நான் உடனே சவடால் விட்டேன். “உங்க அண்ணன் கரெண்டு வண்டிம்மா. சுவிட்சு போட்டா வந்து நிப்பான்.”

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே பென்னலூரிலிருந்து கிளம்பினோம். நானும் மனைவியும் இரண்டு பேர்தான், ஆனால் கார் நிறைந்துவிட்டது. பானை, அரிசி, வெல்லம், பூசணிக்காய், தண்ணீர் தெளித்துக் கட்டிய வாழை இலை, ஈர மண்ணோடு மஞ்சள் கொத்து, தட்டில் மடித்து வைத்த புடவை, வேட்டி, துண்டு. எல்லாவற்றுக்கும் மேல் கரும்புக் கட்டு. அதைக் குறுக்காகப் படுக்க வைத்ததில், அடிமுனை டாஷ்போர்டை இடித்தது. தோகை பின்கண்ணாடியை மொத்தமாக மூடிவிட்டது. நடுக் கண்ணாடியில் பார்த்தால், ஒரு கரும்புத் தோட்டம் எங்களைத் துரத்திக்கொண்டு வருவது போலிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போதே தெருவுக்குத் தெரு போகி எரிந்தது. பழைய பாய், பழைய டயர், பிள்ளைகளின் மேளம். புகை உள்ளே வராமலிருக்க ஜன்னல்களை ஏற்றிவிட்டோம். ஒரகடம் கூட்டுரோட்டில் திரும்பியதும் பனி வந்து புகையோடு கூட்டணி சேர்ந்துகொண்டது. சாலை, கம்பெனி மதில், விளக்குக் கம்பம் எதுவும் இல்லை. வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டுவது போல ஓட்டினேன்.

வெளியே ஒரு பனி என்றால் உள்ளே இன்னொன்று. ஈர மண், ஈர இலை, எங்கள் மூச்சு எல்லாம் சேர்ந்து முன்கண்ணாடி உள்பக்கமாக வேர்த்துவிட்டது. கைக்குக் கிடைத்த துணியை எடுத்துத் துடைத்தேன்.

“ஐயோ! அது சீர்த் துண்டுங்க! மாப்ள தோள்ல போடற துண்டு!”

துடைத்த இடம் மறுபடி வேர்த்தது. மறுபடி துடைத்தேன். துண்டு போனால் போகிறது, சார்ஜ் போகக் கூடாது.

“ஏசிய போடுங்களேன்.”

“சார்ஜ் எறங்கிடும்.”

“கண்ணு தெரியாம நாமளே பள்ளத்துல எறங்கிடுவோம். அது பரவால்லையா?”

மாட்டிக்கொண்டால் நான் விசில் அடிப்பேன். அடித்தேன்.

எப்படியோ ஊர்ந்து சேரப்பணஞ்சேரிக்கு வந்துவிட்டோம். தங்கை வீட்டுத் தெரு வலது பக்கம். நடுத்தடுப்பில் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு திறப்பு உண்டு, அதில் திரும்ப வேண்டும். அதற்கு இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போயாக வேண்டும். வண்டியை ஓரம் கட்டி, நான்கு பக்கமும் விளக்கைச் சிமிட்ட விட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். நடுக் கண்ணாடியில் கரும்புத் தோட்டம். வலது கண்ணாடி பனி படிந்து வெற்றுக் காகிதமாக இருந்தது. ஜன்னலை இறக்கி விரலால் துடைத்தேன். கோடு கோடாக வழிந்தது, உடனே மூடிக்கொண்டது. தலையை நீட்டிப் பார்த்தேன். பால் பாத்திரத்துக்குள் தலையை விட்ட பூனைக்கு என்ன தெரியுமோ, அதுதான் தெரிந்தது.

போன் அடித்தது. தங்கை.

“எங்கணா கீற? பஸ்ஸு வந்துடுச்சுணா! டிரைவரு ஹாரன் அடிச்சிக்கினே கீறாரு!”

“உன் தெருவுக்கு எதிர்லதாம்மா கீறேன். ரெண்டு நிமிஷம், அவர நிக்கச் சொல்லு!”

தெருமுனையில் பிள்ளைகள் மேளத்தைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. போகியன்று இந்த நேரத்தில் யார் வரப் போகிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். வலது பக்க விளக்கைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்து, காலை அழுத்தத் தொடங்கினேன். வண்டி இரண்டடி நகர்ந்திருக்கும்.

அப்போது என் கை ஒரு காரியம் செய்தது. நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கிடையாது. பயத்தில் இருந்தவனின் கை, அதற்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. நேராகப் போய் இட்லிப் பானையை அழுத்தியது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. கை ஜன்னல் வழியாக வெளியே நீண்டு, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தது. லைனில் சூடு வரும் வரை வண்டி நகரக் கூடாது அல்லவா? நகரவில்லை.

ஜில்லென்றிருந்த கண்ணாடி மெல்ல வெதுவெதுப்பானது. பிறகு சுட்டது.

“சூடு ஓகே!” என்று கத்தினேன்.

மனைவி திடுக்கிட்டாள். “இன்னாத்துக்கு கத்தறீங்க? இங்க யாரு கீறாங்க டிக் போட?”

கையை எடுத்தேன். கண்ணாடியின் வெள்ளைக்கு நடுவில், என் கை அளவுக்குத் தெளிவாக ஓர் இடம். இந்த முறை அது மூடிக்கொள்ளவில்லை. அந்தக் கைக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகின. நான் ஏறப் போன அதே வலது ஓரத்தில், ஒரு டிரெய்லர் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, எங்களை உரசாத குறையாகக் கடந்தது. வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு நீளம். அந்தக் காற்றில் எங்கள் கார் தொட்டில் போல ஆடியது. உள்ளே கரும்புத் தோகை சலசலவென்று நடுங்கியது. நானும்தான்.

அது கார் ஏற்றிப் போகும் டிரெய்லர். இரண்டு அடுக்காக, வெள்ளைத் தாள் ஒட்டிய புத்தம் புதுக் கார்கள். எங்கள் தொழிற்சாலைக் கார்கள்! அவற்றில் பலவற்றுக்கு நானே கை வைத்து ஓகே சொல்லியிருப்பேன். நான் வெளியே அனுப்பிய கார்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் ஏற வந்திருக்கின்றன.

பிறகு மனைவி கேட்டாள்.

“உங்க கம்பெனி வண்டியா?”

“ஆமா.”

“நல்ல கம்பெனிதான். வழியனுப்ப வூடு வரைக்கும் வராங்க.”

அவள் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து, “இன்னும் இன்னா இன்னா பட்டன் கீதோ அத்தனையும் போடுங்க. அந்த சதவீதத்த மிச்சம் புடிச்சு பொங்கலா வெக்கப் போறீங்க?” என்றாள்.

போட்டேன் ஐயா, போட்டேன்! முன்கண்ணாடிக்கு அனல் காற்று, ஏசி, எல்லாம். ஹோவென்று ஒரு சத்தம். கண்ணாடியின் அடியிலிருந்து நாடகத் திரை போல வெண்மை மேலே ஏறிப் போனது. முதலில் சாலை வந்தது, அப்புறம் நடுத்தடுப்பு, அப்புறம் அதன் திறப்பு. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளத்தன. வருடக்கணக்காக நான் தொட்டுத் தொட்டு அனுப்பிய சூடு இதற்குத்தானா! அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தினமும் விசிலை மட்டும் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு, திடீரென்று ரயில் வந்து நின்றது போலிருந்தது.

ஒருமுறைக்கு மூன்று முறை கண்ணாடியைப் பார்த்து, சாலை காலி என்று தெரிந்த பிறகு திரும்பினேன்.

தெருமுனையில் கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் தங்கை புதுப்புடவையில், பஸ் படிக்கட்டுக்குக் குறுக்கே நின்றிருந்தாள். அவளைத் தாண்டி யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. பக்கத்தில் மாப்பிள்ளை, சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, ஒரு காலை பஸ்ஸுக்கும் ஒரு காலை மனைவிக்கும் கொடுத்துவிட்டு நின்றார்.

“யோவ், சீக்கிரம் வாங்குய்யா! கேட்ல கார்டு பன்ச் பண்ற டைம் போச்சுன்னா நீதான் பொறுப்பு!” என்று பஸ் டிரைவர் கத்தினார்.

வீட்டுக்குப் போக நேரமில்லை. அங்கேயே, பஸ்ஸின் முன்விளக்கு வெளிச்சத்தில், இருவரையும் சேர்த்து நிற்க வைத்துத் தட்டை நீட்டினேன். குனிந்து வாங்கினார்கள். அதுவரை தூங்கி வழிந்த பஸ் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன. “தலைப்பொங்கலா? சொல்லவேயில்ல!” என்று யாரோ விசிலடித்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைகளை வெளியே விட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போகி மேளத்தோடு வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே அதிர்ந்தது. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஓரகத்தி, பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

என் தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். “மேளம் வேணாம்னு சொன்னேன்லணா!”

“எல்லாம் ஏற்பாடு பண்ணதும்மா,” என்றேன் கூசாமல்.

மாப்பிள்ளை தோளில் துண்டைப் போட்டேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஈரமா கீதே மச்சான்?” என்றார். மனைவிக்கு அதுவரை வராத சிரிப்பு அப்போதுதான் வந்தது. வந்தது நிற்கவேயில்லை. வீடு திரும்பும் வழியிலும் சிரித்தாள், நடுவில் கொஞ்சம் அழுதாள். எல்லாப் பட்டனையும் போட்டபடியே வந்ததில், போன வழியைவிட சார்ஜ் எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். இரண்டே இரண்டு சதவீதம். அந்த இரண்டுக்காகத்தான் எங்கள் இருவரின் உயிரையும் கூடவே ஒரு பூசணிக்காயையும் பணயம் வைத்திருக்கிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து லைனுக்குப் போனேன். “தோச வெந்துட்டாண்ணே?” என்று தம்பி வழக்கம் போலக் கேட்டான். “வேகுது, இரு” என்றேன்.

இப்போதும் நான் அந்த லைனில்தான் நிற்கிறேன், பெயரும் தோசைக்கல்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியிலும் கை வைக்கும்போது, பெயர் தெரியாத ஏதோ ஒரு பனி நாட்டில், நேரமாகிவிட்ட அவசரத்தில் ஓர் அண்ணன் இதைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவான், அந்தப் பக்கம் ஒருத்தி பஸ்ஸை மறித்துக்கொண்டு காத்திருப்பாள் என்று தோன்றும், அவனுக்காக இன்னும் ஒரு மூச்சு நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் கத்துகிறேன், “சூடு ஓகே!”