சக்களத்திக்கு அரைத்த மிளகாய்

காளியாத்தாளுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நாலு சக்கரம், ரெண்டு இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது, உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு.

பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த லட்சுமிநாராயணன் முதலாளியின் அப்பா, ஃபியட் எஞ்சினைப் போட்டு அந்தக் காலத்திலேயே கட்டிய பந்தயக் கார் அது. அதை ஓட்டுவது மாசாணம். சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த காளியாத்தாள், அவனுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து புருஷன் மேல் பெட்ரோல் வாசத்தைத் தவிர வேறு வாசம் கண்டதில்லை. ஆசை ஆசையாகப் பேசியதெல்லாம் அந்தச் சிவப்புக்காரியிடம்தான். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போட அவள் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய இரும்புக் குழாயைக்கூட எடுத்துக்கொண்டு போய், காரில் தன் இருக்கைக்குப் பின்னால் வில் போல வளைத்து மாட்டிவிட்டான். அன்றிலிருந்து அவள் குடம் சுமந்தாள்.

தொண்ணூற்று நாலில் முதலாளி ஒரு புதுக் காரை இறக்கினார். வெள்ளை வெளேரென்று ஃபைபர் உடம்பு, மாருதி எஞ்சின். முதலாளியின் அக்கா மகன் ராமுலு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாசாணம், ஞாயித்துக்கெழமை பந்தயத்துக்கு ரெண்டும் போகுது. எதுல போறேன்னு நீயே சொல்லு. மிச்சத்த ராமுலு ஓட்டட்டும். செயிக்கற வண்டிய வெச்சுக்குவோம், தோக்கறத இரும்புக் கடைக்கு அனுப்பிப்போடலாம்" என்றார் முதலாளி.

சோற்று வாளியோடு பட்டறை வாசலில் நின்ற காளியாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டாள். புதுசு என்று சொல்லிவிட்டால் போதும், சனியன் தொலைந்தது.

"பழசுங்க. அவள இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வராதுங்க" என்றான் மாசாணம்.

அவள். கட்டிய பெண்டாட்டியை அவன் ஒரு நாளும் அப்படி ஆசையாகச் சொன்னதில்லை. சோற்று வாளி பறந்தது. சிவப்புக் காரின் முன்விளக்கு சில்லுச் சில்லாகச் சிதறியது. அடுத்த நொடி மாசாணத்தின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. பட்டறையே வேடிக்கை பார்த்தது. ராமுலு மட்டும் சிரித்தான்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு பெரும்பாடுதான்டா, மாசாணம்."

மறுநாள் விடிந்ததும் அவள் பொள்ளாச்சி பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனாள். கட்டினவனோடு சண்டை என்றால் அம்மா வீட்டுக்குப் போவார்கள். நியாயம் வேண்டுமென்றால் மாசாணியம்மனிடம்தான் போக வேண்டும். வரமிளகாயை அம்மியில் வைத்து அரைத்தாள். கை எரிந்தது, கண் எரிந்தது, கிழிந்த உதடு எல்லாவற்றையும்விட எரிந்தது. அரைத்த விழுதை அள்ளி, கெடுதல் செய்தவரைத் தண்டிக்கச் சொல்லி அப்பும் நீதிக்கல்லில் அப்பினாள். கேட்டது நடந்துவிட்டால் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனின் எரிச்சலை ஆற்ற வேண்டும்.

"அந்தச் செவப்பு முண்டை நொறுங்கிப் போகோணும், தாயே."

திரும்பி வரும் பஸ்ஸில்தான், கிணத்துக்கடவு தாண்டும்போது, அவளுக்குச் சுருக்கென்றது. கார் நொறுங்க வேண்டும் என்று கேட்டாளே தவிர, நொறுங்கும்போது உள்ளே யார் உட்கார்ந்திருப்பார் என்று அம்மனிடம் சொல்லவில்லை. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டாள் பாவி.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோட்டோரச் செம்மண் மைதானத்தில் அவள் அந்தச் சிவப்புக் காரின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, புதுசுல போங்க. உங்க கால்ல உழுகறேனுங்க."

"நகரு புள்ள. வெளக்க ஒடச்சது பத்தாதா?"

"நான் மொளகா அரைச்சுப்போட்டேனுங்க."

"சோத்துக்கா?" என்றான். பக்கத்து வெள்ளைக் காரில் இருந்த ராமுலு எஞ்சினை உறும விட்டான். காவலாட்கள் அவளைத் தோளைப் பிடித்து இழுத்துப்போனார்கள். கொடி இறங்கியது.

இரண்டு சுற்று வரை சிவப்புதான் முன்னால். மூன்றாவது சுற்றில் வெள்ளைக் கார் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தது. தவறி இடித்ததாக்கும் என்று கூட்டம் நினைத்தது. மறுபடி இடித்தது. வளைவில், மாசாணம் ஸ்டியரிங்கைத் திருப்பிய நேரம் பார்த்து, ராமுலு முழு வேகத்தில் விலாவில் மோதினான். சிவப்புக் கார் ஒரு முறை எழும்பி, கவிழ்ந்து, புழுதியில் முதுகால் தேய்ந்துகொண்டே போய் நின்றது. பெட்ரோல் கொட்டிய வாடை வந்ததும் ஓடி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

காளியாத்தாள் நிற்கவில்லை. வண்டியைத் தூக்கக் குனிந்தவள், கொதிக்கும் புகைக்குழாயைத்தான் முதலில் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மியில் எரிந்ததே, அது எரிச்சலே இல்லை.

"தூக்குங்கடா, நீங்கல்லாம் ஆம்பளைங்களா?"

அந்தச் சத்தத்துக்குப் பத்துக் கைகள் வந்தன. வண்டி ஒரு முழம் எழும்பியது. உள்ளே மாசாணம் கண்ணைத் திறந்து பார்த்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் தலைக்கும் தரைக்கும் நடுவில், வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நின்றது ஓர் இரும்புக் குழாய். அவள் தாலிக்கொடியை வைத்து வாங்கிய குழாய்.

இழுத்து வெளியே போட்டவுடன் ராமுலு வந்தான். வெள்ளைக் காரின் முகம் பிய்ந்து தொங்கியது. கையில் ஜாக்கி கம்பி.

"என் வண்டிய ஒடச்சுப்போட்டியேடா" என்று கிடந்தவனின் நெஞ்சில் ஒன்று போட்டான். இன்னொன்றுக்குக் கம்பி ஓங்கியது.

வெந்த கையாலேயே அதைப் பிடுங்கினாள் காளியாத்தாள். ஒரே வீச்சு. ராமுலுவின் மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் மண்ணில் உருண்டான். மறுபடி ஓங்கினவளை, "போதும் அம்மணி, போதும்" என்று முதலாளிதான் குறுக்கே வந்து தடுத்தார். வந்த வேகத்தில் அக்கா மகனை ஓர் உதையும் விட்டார்.

பிறகு மாசாணத்தின் பக்கம் குனிந்தார். "செயிச்சது யாருமில்லப்பா. ரெண்டுல ஒண்ண நீ எடுத்துக்க. புதுச ரிப்பேர் பண்ணித் தாரேன், டாக்ஸிக்காரனுக்கு வித்தாலும் காசாகும். எது வேணும்னு சொல்லு."

மாசாணம் பெண்டாட்டியின் கையைப் பார்த்தான். தோலில்லாத கை. அவள் சொன்ன மிளகாய் சோற்றுக்கு அரைத்ததல்ல, நீதிக்கல்லுக்கு அரைத்தது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"அவ சொல்லட்டுங்க" என்றான்.

அந்த 'அவ' இப்போது தான்தான் என்று விளங்க காளியாத்தாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கவிழ்ந்து கிடந்த சிவப்புக்காரியைப் பார்த்தாள். மேலெல்லாம் நசுங்கி, ஒற்றைக் கண்ணோடு கிடந்தாள். காளியாத்தாள் கேட்டபடியே நொறுங்கிப் போனவள்தான். ஆனால் புருஷனை மடியில் வைத்துக்கொண்டு நொறுங்கியிருக்கிறாள்.

"சக்களத்திய ஊட்டுக்கே கூட்டியாங்க" என்றாள். "அம்மனுக்குப் பண்ற எண்ணெக் காப்ப இவளுக்கும் ஒண்ணு பண்ணோணும். எரிச்சல் அடங்கட்டும்."

மாசாணத்தின் கண்ணில் நீர் வழிந்தது. அவள் கன்னத்தைத் தொடக் கை நீட்டினான். ஜாக்கி கம்பி அந்தக் கையை வழியிலேயே நிறுத்தியது.

"தொடறதுக்குன்னா நீட்டுங்க. இன்னொருக்கா அடிக்க நீட்டுனீங்கன்னா, அவனுக்கு ஒடஞ்சது உங்களுக்கும் ஒடையும்."

"சரிங்க அம்மணி" என்றான் மாசாணம்.

அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.