வாளி யார் கையில்

நோர்வேயின் வடக்கே, நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில், நல்ல தண்ணீர் நாள் முழுக்கச் சும்மா ஓடும். மீனைக் கழுவும், நிலத்தைக் கழுவும், எங்கள் பூட்ஸைக் கழுவும். கழுவ ஒன்றுமில்லாதபோதும் குழாயை மூடமாட்டார்கள். வந்த புதிதில் ஓடி ஓடி மூடினேன். மேற்பார்வையாளர் ஓலாவ் பின்னாலேயே வந்து திறந்தார். கை விறைத்துவிட்டது என்று நினைத்தாராக்கும், "ஃப்ரீசர் டு?" குளிருதா என்று கேட்டார். குளிரவில்லை, வயிறு எரிகிறது என்று சொல்ல எனக்கு அவர் மொழி போதாது. "மியே வான்," நிறையத் தண்ணீர், என்று மட்டும் சொன்னேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மலைப் பக்கம் கையைக் காட்டிப் பெருமையாகச் சிரித்தார்.

முதல் பனிக்காலத்தில் இதைவிடப் பெரிய வேலை பார்த்தேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக் குசினிக் குழாய் நூலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். பழுதாக்கும் என்று எண்ணி, ஒரு மாலை என் முழுப் பலத்தையும் கூட்டி இறுக்கிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பினால் குழாய் உறைந்து வெடித்திருந்தது. தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் அதைச் சொட்ட விட்டிருக்கிறார்களாம். தண்ணீரைக் காப்பாற்ற அதை ஓடவிட வேண்டிய ஊருக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்கு வடக்கே, கடலோரம். அங்கே கிணறுகள் எல்லாம் உவர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் உள்ளே, செம்மண் தோட்டங்களுக்கு நடக்க வேண்டும். அப்பா அங்கேதான் கூலி. சண்டையால் மண்ணெண்ணெய்க்குத் தடை வந்து, தண்ணீர் இறைக்கும் மோட்டர்கள் நின்றுபோன வருடம், தோட்டக் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்தவர் அவர். அவர் மிதிக்க மிதிக்கத் தண்ணீர் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் ஓடும். அவருக்குத் தாகம் எடுத்தால் மட்டும் கீழே இறங்கி, தோட்டச் சொந்தக்காரர் வீட்டில் யாராவது வந்து ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் கை வாளியில் படக்கூடாது. சாதி என்ற சொல்லை அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. துவக்கோடு இயக்கப் பெடியள் வந்து சாதி பாராட்டக்கூடாது என்று எச்சரித்த பிறகு ஏச்சுப் பேச்சு நின்றது. வாளி கைமாறவில்லை.

அந்த வருடம்தான் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா நல்ல தண்ணீருக்காக மத்தியான வெயிலில் குடத்தோடு போனார். தோட்டச் சொந்தக்காரரின் மனைவியை நாங்கள் நாச்சியார் என்றுதான் கூப்பிட வேண்டும். நாச்சியார் நித்திரை. கிணற்றுக் கட்டில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மா வேலியோரம் நின்று அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெயில் சாய்ந்தும் யாரும் வரவில்லை. வெறும் குடத்தோடு திரும்பி வந்தவர், "இனி ஒருத்தற்றை கிணத்தடியிலையும் கையேந்திக் குடிக்கமாட்டன்" என்றார். தங்கச்சியின் காய்ச்சல் மாறியது. அம்மாவின் கோபம் மாறவில்லை. அன்றிலிருந்து எங்கள் உவர்த் தண்ணீரையே காய்ச்சிக் குடித்தார். அடுத்த வருடம் நான் வெளிநாடு புறப்பட்டேன்.

இந்த மழைக்காலத்தில் சண்டை நெருங்கி, எங்கள் பகுதியான வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. வழியில் பாலத்தில் நெருக்குப்பட்ட சனம் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்ததாம். அம்மா பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலில் மனம் இல்லை, மீனை வெட்டப்போய் விரலை வெட்டினேன். கடைசியில் எங்கள் அயலவர் ரத்தினம் அண்ணை எப்படியோ கொழும்பு வந்து சேர்ந்து தொலைபேசி எடுத்தார்.

"கொம்மா இருக்கிறா, தம்பி. தங்கச்சியோடை சாவகச்சேரிக்கு அங்காலை ஒரு பள்ளிக்கூடத்திலை."

"தண்ணி கிடைக்குதோ அண்ணை?"

"அதைத்தான் சொல்ல வந்தனான். பள்ளிக்கூடக் கிணறு கலங்கிப் போச்சு. பக்கத்து வீட்டுக் கிணத்தடியிலைதான் சனம் முழுக்க. கலக்கிப்போடுவினம் எண்டு வீட்டுக்காரப் பெடியனே அள்ளி ஊத்துறான். ஆர் எவர் எண்டில்லை, எல்லாரும் கையேந்தித்தான் குடிக்கினம். கொம்மா மட்டும் போகமாட்டன் எண்டிட்டா. தங்கச்சி போத்தலிலை கொண்டுவந்து குடுத்தும் வாயிலை வைக்கேல்லை."

"விசரே அவவுக்கு? சாகப்போறாவே?" என்று கத்திவிட்டேன்.

"பொறு, கேளன். மற்ற நாள் காலமை எழும்பி நேரை கிணத்தடிக்குப் போனா. 'தம்பி, உமக்குக் கை நோகும், இஞ்சை விடும்' எண்டு கயித்தை வாங்கினா. அவனுக்கு இவ ஆரெண்டு தெரியுமே? குடுத்திட்டான். முதல் வாளியைத் தானே தூக்கி அண்ணாந்து குடிச்சா. பிறகு வரிசைக்கு ஊத்தத் தொடங்கினவ, பொழுதுபடும் மட்டும் விடேல்லை."

"எங்களைத் தெரிஞ்ச ஊர் ஆக்களும் நிண்டிருப்பினமே?"

"நிண்டவை. நாச்சியாரும் நிண்டவ. கொம்மாவைக் கண்டிட்டுக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு கையை ஏந்தினா. கொம்மா ஊத்தினா. இப்ப நெடுகக் கொம்மாதான் அள்ளுறா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுநாள் ஓலாவ், நல்ல செய்தியா என்று கேட்டார். அம்மாவுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்றேன். "அப்படியா, குழாயைத் திருத்திவிட்டார்களா?" என்று கேட்டு என் தோளில் தட்டினார். ஓம் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்த் தமிழர் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடினோம். பலருக்கு வீட்டிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எங்கள் சனம் சீக்கிரம் தங்கள் தங்கள் வீடு வளவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். எனக்கு என் ஊர் வேண்டும். அந்தக் கடற்காற்று இல்லாமல் இங்கே சரியாக நித்திரைகூட வருவதில்லை. ஆனாலும் கைகூப்பி நின்ற அந்த நேரத்தில், அத்தனை பேர் வேண்டுதலுக்கும் எதிராக, இன்னும் கொஞ்ச நாள் அம்மா அந்த அகதிக் கிணற்றடியிலேயே வாளியும் கையுமாக இருக்கட்டும் என்று என் மனம் கேட்டது.