செல்வியைத் தேடி இருநூறு வீடுகள்

என் பெயர் முதன்முதலில் அச்சேறியபோது எனக்குப் பதினோரு வயது. துணை ஆசிரியர் என்ற பதவியோடு அச்சேறியது. பத்திரிகை கன்னடத்தில் இருந்ததால் பள்ளியில் படித்த கன்னடத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, அது நான்தான் என்று உறுதிசெய்துகொண்டேன். அந்தப் பதவியை எனக்குத் தந்தவர் அம்மாவின் தம்பி. ஒரே இதழோடு பதவி போனதற்கும் அவர்தான் காரணம் என்று வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். உண்மையில் காரணம் நான்.

மாமா பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். ஆஸ்டின் டவுனில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் ஓர் அச்சகத்தில் வேலை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் அச்செழுத்துக் கோப்பார். ஊரார் பெயரையெல்லாம் கோத்துக் கோத்துச் சலித்துப்போய், பெங்களூர்த் தமிழர்களுக்கென்று ஒரு பாட்டுப் பத்திரிகை நடத்தப்போவதாக ஒருநாள் அறிவித்தார். ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவர்களின் பேட்டி, புதுக் கேசட் விமர்சனம், பாட்டு வரிகள், கேள்வி பதில் என்று நோட்டு நிறையத் திட்டம் வைத்திருந்தார். அப்பாவோ ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தார்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள உன் பத்திரிகை வந்துட்டா சரி. வரலைன்னா பேசாம ஓசூர் பஸ் ஏறிடு" என்றார் அப்பா. மாமாவுக்கு ஓசூர் என்ற பெயரைக் கேட்டாலே ஆகாது. ஸ்டோர் ரூமில் பாட்டு கேட்கமுடியாது என்பதே அவருடைய முதல் கவலை.

அச்சக முதலாளியை எல்லோரும் பாய் என்போம். முதல் இதழைத் தன் மெஷினிலேயே அடித்துத் தர அவர் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "யாரு வாங்குவாங்க, அதைச் சொல்லு மொதல்ல. எல்லாரும் வாங்குவாங்கன்னு சொல்லாதே. எல்லாரும்னா ஒருத்தனும் வாங்கமாட்டான்னு அர்த்தம். எரநூறு வூட்ல கேட்டுக்கினு வா" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போதெல்லாம் வாசகர் தேர்வு நடந்தது. கல்லூரிப் பையன்களை மாமா முதல் நாளே தள்ளிவிட்டார். ஒருவன் வாங்கினால் முப்பது பேர் இரவல் வாங்குவார்கள். கச்சேரிக்குப் போகிற பெரியவர்கள் பத்திரிகையைப் படிப்பதே தப்புக் கண்டுபிடித்துக் கடிதம் போடத்தான். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தங்கள் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போனதில் பூமியில் ஆளே மிச்சமில்லாமல் போகும்போலிருந்தது.

அப்போதுதான் பழைய புத்தகக் கடையிலிருந்து மாமா ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். பத்திரிகை நடத்துவது எப்படி என்று சொல்லும் புத்தகம். அதில், வாசகரை ஒரே ஆளாக மனதில் நிறுத்து, அவருக்குப் பெயர் வை, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதுவரை தெரிந்துகொள் என்று போட்டிருந்ததாம். மாமா பெரிய சார்ட் பேப்பர் வாங்கிவந்தார். நான் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெண்ணை வரைந்தேன். பெயர் செல்வி, வயது இருபத்தாறு, வீட்டிலேயே தையல், மிஷினுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டர், பிடித்தது தமிழ்ப் பாட்டு. சார்ட்டைச் சமையலறைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினோம். அன்றிலிருந்து அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் "செல்வி சாப்ட்டாளா?" என்று விசாரிப்பார். அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றுவாள்.

இனி செல்வி எங்கெங்கே இருக்கிறாள் என்று கணக்கெடுக்கவேண்டும். லிங்கராஜபுரம் வேண்டாம் என்றது புத்தகம். தெரிந்தவர்கள் நம் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்வார்கள், தெரியாதவர்கள்தான் உண்மை சொல்வார்கள். ஆகவே அந்த ஏப்ரலில் தினமும் பஸ் ஏறி ஆஸ்டின் டவுனுக்குப் போனோம். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கருப்பு ஷூ, பாக்கெட்டில் இரண்டு பேனா. நான் கிளிப் அட்டையும் கேள்வித் தாள்களும். பார்த்தால் சர்க்காரிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள் மாதிரியே இருந்தோம். அதில் இருவருக்கும் ஏகப்பெருமை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்தைய டிசம்பரில் காவிரித் தகராறில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டு, எங்கள் பள்ளிக்குப் பல நாள் விடுமுறை விட்டார்கள். எனக்கு அது விடுமுறை, அவ்வளவுதான். அப்பா வாசலிலிருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். பெயின்ட் அடிக்க என்றார். ஏப்ரல் வரை அடிக்கவில்லை. அம்மா எனக்கு ஒரு புது விதி போட்டாள்: தெருவில், பஸ்ஸில் தமிழ் பேசக்கூடாது, பேசினாலும் காதோடு பேசவேண்டும். வாயை மூடி மெல்ல வேண்டும், பெரியவர்கள் முன் காலாட்டக்கூடாது என்பதுபோல இதுவும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வீட்டை நெருங்கும்போதே உள்ளே தமிழ்ப் பாட்டு அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கதவைத் தட்டினார். பாட்டு பாதியில் நின்றது. லுங்கியில் ஒருவர் வந்து மாமாவின் ஷூவைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நமஸ்கார. நீவு யாவ பாஷெ ஹாடு கேள்த்தீரா?" என்று மாமா கேட்டார். என்ன மொழிப் பாட்டு கேட்பீர்கள் என்று தமிழரிடம் தமிழர் கன்னடத்தில் கேட்டது அப்போது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. டிசம்பருக்குப் பிறகு தெரியாதவர்களிடம் மாமாவின் வாய் தானாகவே கன்னடத்துக்குப் போய்விடும்.

"கன்னடா ஸார். பரீ கன்னடானே" என்றார் லுங்கிக்காரர். கன்னடம் மட்டும்தான். உள்ளே இருந்த அவர் மனைவியும் அதையே சொன்னாள். கேட்காமலே ஒரு சின்னப் பையனும் சொன்னான். மூன்று கன்னடம் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வீட்டிலும் கன்னடம். பத்தாவது வீட்டிலும் கன்னடம். கழுத்தில் சிலுவை தொங்கிய ஒரு பாட்டியம்மா, தான் ஜெபிப்பதே கன்னடத்தில்தான் என்று திக்கித்திணறிக் கன்னடத்தில் சொன்னார். சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் ரேஷன் கார்டை எடுத்துவந்து நீட்டினார்கள். மாமா பெருந்தன்மையோடு வேண்டாமென்றார்.

"மாமா, நாம போற வீட்லல்லாம் கேசட் நின்னுபோயிடுதே" என்று ஒருநாள் மாமாவின் காதோடு கேட்டேன்.

"ஆள் வந்தா பாட்டை நிறுத்தறது மரியாதை" என்றார் மாமா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

இருநூறு வீடு முடிந்தது. நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் வீட்டில் கன்னடம். மிச்ச வீட்டார் பாட்டே கேட்பதில்லை என்று சொன்னவர்கள். தமிழ் ஒன்றுகூட இல்லை. மாமா தாள்களை இரண்டு நாள் புரட்டிக்கொண்டேயிருந்தார். தாளில் எழுதியதை நம்புவதா, காதில் விழுந்ததை நம்புவதா என்று அவருக்குக் குழப்பம். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. தாளையே நம்பு என்று ஓசூர் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது.

பாய்க்குக் குழப்பமே இல்லை. "ஜனங்க கன்னடம் வேணும்ன்றாங்க, நீ தமிழ் குடுக்கறேன்றியே. கன்னடத்துலயே போடு, அடிச்சிடலாம்" என்று முடித்துவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து சார்ட்டில் செல்வி என்பதை அடித்துவிட்டு ஷைலஜா என்று எழுதினார். நெற்றியில் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். அன்று சாப்பிட உட்கார்ந்த அப்பா சார்ட்டை நிமிர்ந்து பார்த்து, "செல்விக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பத்திரிகை வந்தது. பதினாறு பக்கம், அட்டையில் வீணைக்கும் கிடாருக்கும் நடுவே ஒரு மைக். கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு அதே இருநூறு வீடுகளுக்குப் போனோம். ஒருவர்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததுமே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கொடுங்கள், மாடிவீட்டுக்கும் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நான்கே நாளில் எல்லாம் தீர்ந்து, பாய் இரண்டாம் தடவை அடித்தார். அப்பாவே கொஞ்சம் ஆடிப்போய், ஓசூர்க்காரருக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று அம்மாவிடம் யோசனை கேட்டார். மாமா மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். எங்கள் பத்திரிகை ஜன்னல் கம்பியிலும் கதவு ஆணியிலும் தெருவைப் பார்த்தபடி தொங்கியது. ஒரு தெரு முழுக்க என் பெயர் தொங்குகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள், விட்டுப்போன வீடுகளுக்காகப் போயிருந்தோம். மாமா அடுத்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். நான் தையல் மிஷின் இருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று மிச்சப் பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் தமிழில் எண்ணியது உள்ளே கேட்டிருக்கவேண்டும். உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது, கழுத்தில் அளவு டேப். மிஷின் பக்கத்தில் டேப் ரெக்கார்டர்கூட இருந்தது. நான் வரைந்தவளைவிட ஒல்லி. பத்திரிகையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளினாள். பிறகு தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் தமிழில் கேட்டாள்.

"பாப்பா, எங்க வூட்டு நம்பரை எழுதிக்கினீங்களா?"

"அன்னிக்கே எழுதியாச்சு அக்கா" என்றேன் பொறுப்போடு.

"இதை வாசல்லதான் மாட்டணுமா, உள்ள வெச்சிக்கினா போதுமா?"

துணை ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி வருமா? "வாசல்ல மாட்டுங்கக்கா, அப்பதான் போறவங்க வர்றவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, ஊசிநூல் கோத்துவந்து பத்திரிகையின் மூலையைக் கம்பிக்கதவோடு சேர்த்துத் தைத்தாள். காற்றில் பறக்காமல் நான்கு மூலையும் தைத்தாள்.

மாமா வந்ததும் இதையெல்லாம் காதோடு ஆசையாகச் சொன்னேன். நாளைக்கே எல்லோரையும் இப்படித் தைக்கச் சொல்லலாம் என்று யோசனையும் சொன்னேன். மாமா நடப்பதை நிறுத்திவிட்டார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒவ்வொரு கதவிலும் எங்கள் வீணையும் கிடாரும். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. வெயில் என்று நினைத்தேன்.

திரும்பிப் போய் அந்தக் கம்பிக்கதவின் முன்னால் நின்றார். "அக்கா, நாங்களும் தமிழ்தாங்க. சர்க்கார் ஆளுங்க இல்ல. இது வெறும் பாட்டுப் புத்தகம். புடிக்கலைன்னா கழட்டிப் போட்டுடுங்க" என்றார். தெரு முழுக்கக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது.

அந்தப் பெண் மாமாவின் ஷூவைப் பார்த்தாள். "தும்பா சென்னாகிதெ ஸார்" என்று கன்னடத்தில், மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கதவிலிருந்த பத்திரிகையைக் கையால் தடவிச் சுருக்கம் எடுத்துவிட்டாள்.

மறுவாரம் மாமா ஓசூர் பஸ் ஏறினார். சார்ட்டைக் கிழிக்காமல் சுருட்டி எடுத்துப்போனார். நன்றாக விற்ற பத்திரிகையை ஏன் நிறுத்தினாய் என்று அப்பாவும் பாயும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று அந்தத் தெருவிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாப்பில் மாமாவின் பக்கத்தில் நின்றபோது என் மனதில் இருந்தது ஒன்றுதான். நடுத்தெருவில் அத்தனை சத்தமாகத் தமிழ் பேசியதை, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.